வெறும் இரும்பும் பிரைமரும்: பழைய வண்டி புதுப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் பழைய புல்லட், யெஸ்டி பைக்கையும் பத்மினி காரையும் வைத்துக்கொண்டு, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்கும் காயலான் கடைகளுக்குமாக அலைகிற தமிழ்க்காரர்கள் நிறையப் பேர். வாட்ஸ்அப்பிலும் ஒர்க்‌ஷாப் வாசலிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் வீட்டு ஷெட்டிலோ தெருமுனை ஒர்க்‌ஷாப்பிலோ வேலை நடத்துபவர்களுக்கு.

பெயின்ட் பார்க்க நல்லாத்தான் இருக்கு. எல்லாத்தையும் உரிச்சு இரும்பு வரைக்கும் போயே ஆகணுமா?

எப்போதும் வேண்டியதில்லை. கம்பெனியில் அடித்த அடிப்பூச்சு இன்னும் தகரத்தை இறுக்கிப் பிடித்திருந்தால் அதைத் தேய்த்து அதன் மேலேயே வேலை செய்யலாம், அதைவிட நன்றாகப் பிடிக்கும் பூச்சை நாம் ஷெட்டில் அடிப்பது கஷ்டம். ஆனால் நம் ஊர் அம்பாசடரிலும் பத்மினியிலும் பெரும்பாலும் ஐந்தாறு பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுநடுவே பட்டியோடு (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்திப் பாருங்கள். எங்கே பிடிக்காமல் நழுவுகிறதோ அங்கே தடிமனாகப் பட்டி இருக்கிறது, இல்லையென்றால் தகரமே இல்லை. கொப்புளம் தெரிகிற இடத்தை ஊசியால் குத்துங்கள். பழுப்புப் பொடி வந்தால் அந்தப் பகுதியை உரித்தே ஆக வேண்டும்.

உரிப்பது என்று முடிவானால் ஒரு விஷயம்: அன்றைக்கே சுத்தம் செய்து பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் உரியுங்கள். இன்று ஒரு கதவு, அடுத்த வாரம் ஒரு மட்கார்டு. முழு வண்டியையும் ஒரே மூச்சில் உரித்துப் பளபளவென்று போட்டோ போடுபவர்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் துருவோடு மறுபடியும் போட்டோ போடுகிறார்கள்.

உரிக்க எது நல்லது? ரிமூவரா, கிரைண்டரா, சாண்ட் பிளாஸ்டிங்கா?

இடத்தைப் பொறுத்தது. பானெட், கூரை, கதவு மாதிரி அகலமான தகரத்துக்கு பெயின்ட் ரிமூவர்தான் என் முதல் தேர்வு. தடவி, மேலே பிளாஸ்டிக் ஷீட் மூடி, ஊறியதும் சுரண்டுங்கள். மடிப்புகளிலும் இணைப்புகளிலும் புகாமல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு, அந்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். மடிப்புக்குள் தங்கிய ரிமூவர் பல மாதம் கழித்துப் புதுப் பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும்.

கிரைண்டரில் கல் டிஸ்க் போட்டு உரிப்பதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். பாடித் தகரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், சூட்டில் நெளியும், பள்ளமும் விழும். நைலான் ஸ்ட்ரிப்பிங் டிஸ்க் வாங்கி, ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். சாண்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணலை அடித்து உரிப்பது, சேஸிஸ், பிரேம், வீல், பிராக்கெட் போன்ற கனமான சாமானுக்கு அருமை. மெல்லிய தகரத்தில் வேண்டாம். மணல் ஒரு பக்கத்தை மட்டும் ஓயாமல் அடித்து விரிப்பதால் தகரம் உப்பிக்கொள்ளும், அதை டிங்கர் தட்டிச் சமன்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பெட்ரோல் டேங்கை மட்டும் தனியாகச் சொல்கிறேன். காலியான டேங்கிலும் ஆவி இருக்கும். பொறி பறக்கிற எந்த வேலையும் அதன் பக்கத்தில் கூடாது.

டிங்கர் கொதிக்கிற காஸ்டிக் சோடாவுல முக்கி எடுத்துத் தரேன்னு சொல்றாரு. குடுக்கலாமா?

வெறும் இரும்புச் சாமான் என்றால் கொடுக்கலாம், பெயின்ட் கழன்று வந்துவிடும். அலுமினியம் ஒட்டியிருக்கிற எதையும் கொடுக்காதீர்கள், காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும், கூடவே தீப்பிடிக்கிற ஹைட்ரஜனும் வெளியேறும். கதவு மாதிரி இரட்டைத் தகரம் உள்ளவையும் வேண்டாம், உள்ளே தங்கிய காஸ்டிக்கை எத்தனை முறை கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. ஆசிட் தொட்டி என்றால் ஸ்பிரிங்கும் கடினமான போல்டும் கூடாது, ஹைட்ரஜன் உள்ளே ஏறி ஒரு நாள் பட்டென்று உடையும்.

துருவை எல்லாம் தேய்ச்சாச்சு, ஆனா சின்னச் சின்னக் குழிக்குள்ள கருப்பா நிக்குது. ரஸ்ட் கன்வர்ட்டர் அடிச்சா போதுமா?

அந்தக் கருப்புப் புள்ளிகள்தான் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருபவை. கம்பி பிரஷ் அவற்றைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் காட்டுமே தவிர எடுக்காது. சேஸிஸ் என்றால் அந்த இடத்தை மட்டும் சாண்ட் பிளாஸ்ட் செய்வது நல்லது. தகரம் என்றால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியைத் தடவி, காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, ஹாட் ஏர் கன்னால் உலர்த்துங்கள். சென்னையிலோ மும்பையிலோ ஓடிய வண்டி என்றால் குழிக்குள் கடல் உப்பும் இருக்கும், ஆகவே வேலை தொடங்கும் முன்பே நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவுவது அவசியம்.

கன்வர்ட்டர் வேறு சரக்கு. துருவோடு சேர்ந்து அதை அசையாத சேர்மமாக மாற்றுவதுதான் அதன் வேலை. துருவே இல்லாத சுத்தமான இரும்பில் அதை அடித்தால் ஒரு பிசுபிசுப்பான படலம் மிஞ்சும், மேலே அடிக்கும் பிரைமர் சரியாகப் பிடிக்காது. கை எட்டாத இடத்துக்கு, வேறு வழியே இல்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பானெட் முழுக்கப் பூசுவது ஈரச் சுவரில் வெள்ளையடிப்பது மாதிரிதான்.

ஆசிட்டெல்லாம் வேண்டாம்ணா, வீட்டுலயே துரு எடுக்க வழி இருக்கா?

சின்ன சாமானுக்கு இருக்கிறது. பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா, ஒரு பழைய பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் உங்கள் சாமானுக்கு, பாசிட்டிவ் ஒரு வேண்டாத இரும்புத் துண்டுக்கு, இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சில மணி நேரத்தில் துரு தளர்ந்து கருப்பாகக் கழுவிக்கொண்டு போகும். பாசிட்டிவில் எவர்சில்வர் வைக்காதீர்கள், விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழியாக வருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

மின்சாரமும் வேண்டாம் என்றால் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகை, அதாவது மொலாசஸை, பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று வாரம் ஊறப் போடலாம். அலுமினியம் இதிலும் கூடாது. நாற்றத்துக்கு அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூப்பிட்டால் என்னைச் சொல்லாதீர்கள்.

உரிச்ச இரும்பை எத்தனை நாள் அப்படியே வெச்சிருக்கலாம்?

நாள் கணக்கே கிடையாது, மணிக் கணக்குதான். சாண்ட் பிளாஸ்ட் செய்த இரும்பு சொரசொரப்பாக இருப்பதால் இன்னும் சீக்கிரம் துரு பிடிக்கும், நாலு மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிடுவது நல்ல பழக்கம். பிளாஸ்டிங் ஒர்க்‌ஷாப் ஒரு மூலையில், பெயின்டர் இன்னொரு மூலையில், நடுவே சில்க் போர்டு டிராஃபிக் என்றால் முதலில் பெயின்டரிடம் நேரம் வாங்கிவிட்டுப் பிறகு பிளாஸ்டிங்குக்கு அனுப்புங்கள். சிலர் எண்ணெய் தடவி வைக்கலாமே என்கிறார்கள். குழிகளுக்குள் இறங்கிய எண்ணெயை எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

ராத்திரி தங்கிவிட்டதா? மறுநாள் காலையில் 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் மறுபடியும் முழுக்கத் தேய்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தேய்க்க வேண்டும்.

பெட்ரோல்ல துடைச்சா சுத்தமாயிடாதா?

ஆகாது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். கடையில் வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர் என்று கேளுங்கள். புதிய, வெளுத்த பனியன் துணி இரண்டு எடுத்து, ஒன்றால் ஈரமாகத் தடவி, அது காய்வதற்குள் இன்னொன்றால் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் அழுக்கு கரைந்து அதே இடத்தில் படியும், அவ்வளவுதான். துணியை அடிக்கடி மாற்றுங்கள், இதில் கஞ்சத்தனம் கூடாது.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். விரிந்து படலமாக நின்றால் சரி, முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது. பார்த்த கையோடு துடைத்து உலர்த்திவிட வேண்டும். அதன் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையின் உப்பே கைரேகை வடிவத்தில் துருவைக் கொண்டுவரும். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் எதையும் அந்த ஷெட்டிலேயே திறக்க வேண்டாம். அதிலுள்ள சிலிக்கான் கொஞ்சம் பட்டாலும் பெயின்டில் மீன்கண் மாதிரி குழி விழும்.

ரெட் ஆக்சைடு, எட்ச் பிரைமர், எபாக்சி... கடைக்காரர் மூணும் ஒண்ணுதாங்கிறார். எதை வாங்கறது?

மூன்றும் வேறு வேறு. ரெட் ஆக்சைடு என்பது கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற ஒற்றைப் பேக் எனாமல் ரகம். விலை குறைவு, கிடைக்காத கடை இல்லை. ஆனால் முழுதாகக் காய நாளாகும், மேலே தின்னர் காரமான பெயின்ட் அடித்தால் சுருங்கித் தூக்கிக்கொள்ளும், ஈரத்தையும் ஓரளவு உள்ளே விடும். ஜன்னல் கம்பிக்குச் சரி.

எட்ச் பிரைமரில் ஆசிட் இருக்கிறது. அது இரும்பை மெல்ல அரித்துப் பிடித்துக்கொள்ளும். படலம் மிக மெல்லியது, சுமார் 10 மைக்ரான், அதனால் ஈரத்தைத் தடுப்பது அதன் வேலையல்ல, மேலே வேறு பிரைமர் கட்டாயம். எபாக்சி இரண்டு பேக், இறுகவைக்கும் ஹார்டனரோடு கலப்பது. ஒட்டவும் செய்யும், ஈரத்தையும் ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும், தின்னருக்கும் அசையாது. வீட்டில் ஒரே ஒரு பிரைமர் வாங்க முடியும் என்றால் எபாக்சிதான். விலையைப் பார்த்துத் தயங்குபவர்களிடம் நான் சொல்வது, கலர் பெயின்டில் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

எட்ச் அடிச்சு, அதுக்கு மேல எபாக்சியும் அடிச்சா டபுள் பாதுகாப்புதானே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலான எபாக்சிகளின் ஹார்டனர் அமீன் வகை, அது எட்சில் மிஞ்சியிருக்கும் ஆசிடோடு வினைபுரிந்து சரியாக இறுகாமல் போகலாம். ஒரே கம்பெனி தன் எட்ச் மேல் தன் எபாக்சியை அடிக்கலாம் என்று டேட்டா ஷீட்டில் எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம். துரு நீக்கி தடவிக் கழுவாமல் விட்ட இரும்பிலும் இதே கதைதான், அதனால்தான் மேலே கழுவச் சொன்னேன். பாலியெஸ்டர் பட்டியையும் எட்ச் மேல் நேரடியாகப் போடக் கூடாது.

பட்டி முதல்லயா, பிரைமர் முதல்லயா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டுமே நடக்கும். 80 நம்பரில் தேய்த்த வெறும் இரும்பில் பட்டி நன்றாகவே பிடிக்கும், பழைய டிங்கர்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் சாய்வது எபாக்சி முதலில் என்ற பக்கம். காரணம் எளிது: பட்டி வேலை வீட்டில் ஒரு நாளில் முடியாது, ஞாயிறு தோறும் இழுக்கும், அதுவரை இரும்பு மூடியிருக்க வேண்டும். எபாக்சி இறுகியதும் 80 அல்லது 120 நம்பரில் மேலாகத் தேய்த்துப் பட்டி போடுங்கள். தேய்க்கும்போது இரும்பு தெரிந்த இடத்தில் மறுபடியும் எபாக்சி.

பட்டியை வாட்டர் பேப்பர் வைத்துத் தண்ணீரோடு தேய்ப்பதுதான் நம் ஊர் வழக்கம், நிறுத்தச் சொன்னால் பெயின்டர் முறைப்பார். ஆனால் பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் வெறும் இரும்பு என்றால் துரு உள்ளிருந்தே தொடங்கும். பட்டியை உலர்வாகத் தேயுங்கள், தண்ணீர் பேப்பரை சர்ஃபேசர் (தேய்த்துச் சமன்படுத்துவதற்கான பிரைமர்) அடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெங்களூர்ல எப்பப் பார்த்தாலும் தூறல். எப்ப அடிக்கறது?

பிப்ரவரி, மார்ச் அருமையான காலம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை முடிந்தால் வெறும் இரும்பு வேலையைத் தொடாதீர்கள், இன்ஜின், வயரிங் என்று வேறு பக்கம் பாருங்கள். மழையைவிடக் கண்ணுக்குத் தெரியாத பனிதான் ஆபத்து. தகரத்தின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனி 19 டிகிரிக்குச் சற்று மேலேயே படியத் தொடங்கும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த கதவு காலை எட்டு மணிக்கு அதைவிடச் சூடாக இருக்கும் என்று நம்ப முடியாது. பத்தரைக்கு மேல் ஆரம்பித்து, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். கம்ப்ரஸர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை அன்று காலையே வடித்துவிடுங்கள், லைனில் ஒரு வாட்டர் ஃபில்டரும் வேண்டும்.

எத்தனை கோட்? கண்ணளவுல கலக்கலாமா?

இரண்டு கோட், டேட்டா ஷீட் சொல்கிற இடைவெளி விட்டு. காய்ந்த பிறகு 50 மைக்ரான் அளவு வந்தால் போதும். ஓரங்களிலும் வெல்டிங் கோட்டிலும் பெயின்ட் மெலிந்துவிடும், அங்கே முதலில் பிரஷ்ஷால் ஒரு தடவை தடவிவிட்டுப் பிறகு ஸ்ப்ரே செய்யுங்கள்.

கண்ணளவு கூடவே கூடாது. ஒரு கம்பெனி 4:1, இன்னொன்று 1:1, ஒவ்வொன்றும் வேறு. அளவுக் கோடு போட்ட கப் வாங்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் எபாக்சி இன்னும் மோசமாகத்தான் இறுகும். சில எபாக்சிகளைக் கலந்ததும் கால் மணி, அரை மணி ஊறவைத்துத்தான் அடிக்க வேண்டும், டின்னைப் படியுங்கள்.

பிரைமர் அடிச்சு ஆறு மாசமா ஷெட்ல நிக்குது. அப்படியே கலர் அடிக்கலாமா?

எந்தப் பிரைமர் என்பதைப் பொறுத்தது. சாம்பல் நிற சர்ஃபேசர் என்றால் அது தேய்ப்பதற்காகச் செய்தது, நுண்ணிய துளைகளோடு இருக்கும், ஈரம் உள்ளே போயிருக்கும். அடியில் எபாக்சி இல்லையென்றால் ஓரிடத்தைச் சுரண்டிப் பாருங்கள், துரு தெரிந்தால் திரும்ப உரிக்க வேண்டியதுதான். எபாக்சி என்றால் கவலையில்லை, ஆனால் அதன் மறுபூச்சு நேரம் தாண்டிவிட்டது, அதாவது தேய்க்காமல் அடுத்ததை ஒட்டவைக்கும் அவகாசம் போய்விட்டது. 240 அல்லது 320 நம்பரில் முழுக்க மங்கலாகும்வரை தேய்த்து, துடைத்து, அப்புறம் அடியுங்கள். வெயிலில் நின்றால் எபாக்சி சுண்ணாம்புப் பொடி மாதிரி ஆகும், அதையும் தேய்த்தே எடுக்க வேண்டும்.

பிரேமை பவுடர் கோட்டிங் குடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

புல்லட், யெஸ்டி பிரேமுக்கு நல்ல யோசனைதான், கெட்டியான பூச்சு. மூன்று விஷயம் தெரிந்துகொண்டு கொடுங்கள். பூச்சு 180 முதல் 200 டிகிரியில் வேகும், ஆகவே சாதாரணப் பட்டி போட்ட இடம் நிற்காது. பேரிங் உட்காரும் இடத்தையும் போல்ட் மரையையும் மூடிக் கொடுக்க வேண்டும். பின்னால் ஓரிடத்தில் கல்லடி பட்டு உடைந்தால், துரு பவுடருக்கு அடியிலேயே ஊர்ந்து போகும், வெளியே தெரியாது.

அலுமினியத்துக்கும் இதேதானா?

கிட்டத்தட்ட. இரும்புக் கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், இரும்புத் துகள் பதிந்து அரிக்கும். தேய்த்த உடனேயே ஆக்சைடு படியத் தொடங்குவதால் அன்றே எட்ச் அல்லது அலுமினியத்துக்கு ஏற்ற எபாக்சி.

வெல்டிங் வெச்ச இடம், கை போகாத உள்பக்கம் எல்லாம் என்ன பண்றது?

இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்தில் பற்றவைக்கும் முன்பே, மேலேயே பற்றவைக்க ஏற்ற வெல்ட்‌-த்ரூ பிரைமர் அடிக்க வேண்டும். முடிந்ததும் கசடைத் தட்டி, தேய்த்து, எபாக்சி, அதன் மேல் இணைப்பை அடைக்கும் சீம் சீலர். சீலரை வெறும் இரும்பில் போடாதீர்கள். கதவு, சில் (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி மாதிரியான தகரம்) போன்றவற்றின் உள்பக்கத்துக்கு எல்லா பெயின்டும் முடிந்த பிறகு நீண்ட குழாயால் கேவிட்டி வேக்ஸ் அடியுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள், பத்மினி கதவுகள் அடியில் இற்றுப்போக அதுவே பாதிக் காரணம். இன்னொன்று, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யக் கூடாது. அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உருவாகலாம்.

கொரோனா டைம்ல வாங்கின என்95 மாஸ்க் கிடக்கு. அது போதுமா?

சாதாரணத் தூசிக்குப் போதும், பெயின்ட் ஆவிக்கு உதவாது. பழைய பெயின்டிலும் பிரைமரிலும் ஈயமும் குரோமேட்டும் இருந்திருக்கலாம், அதனால்தான் உலர்வாகத் தேய்ப்பதற்கு முன் ரிமூவரைச் சொன்னேன். எபாக்சி அடிக்க ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும் வேண்டும். மேலே வரும் 2கே பியூ (இரண்டு பேக் பாலியூரித்தேன்) பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம், ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இறுகும். அதை வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்துலயும் தேய்க்கலாமா?

கிரைண்டரும் வேண்டாம், பிளாஸ்டிங்கும் வேண்டாம். மற்ற இடங்களை உரிக்கும்போது அதை டேப் ஒட்டி மூடிவிட்டு, பிறகு டேப்பை எடுத்து ரிமூவரும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து நீங்களே செய்யுங்கள். பட்டியோ தடித்த பிரைமரோ எண்ணை மூடினால் எஃப்.சி.யிலும் பெயர் மாற்றத்திலும் மாட்டிக்கொள்வீர்கள். வேலைக்கு முன்பே தெளிவாக ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

எங்க பெயின்டர் "இருபது வருஷமா ரெட் ஆக்சைடுதான் அடிக்கறேன், ஒண்ணும் ஆகல"ங்கறார். எப்படிப் புரியவைக்கறது?

வாதாடிப் புரியவைக்க முடியாது. அவருக்கு வேலை முடித்த அன்று காட்டும் பளபளப்புக்குத்தான் காசு, நான்கு வருடம் கழித்து வரும் கொப்புளம் அவர் கண்ணில் படுவதே இல்லை. அவர் கை நல்ல கை என்றால் கையை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றுங்கள். பிரைமர், ஹார்டனர், தின்னர், துடைக்கும் துணி வரை எல்லாவற்றையும் ஜே.சி. ரோட்டில் ஒரே கம்பெனியாக நீங்களே வாங்கிக் கொடுங்கள். உரிக்கிற நாளும் பிரைமர் நாளும் ஒன்றாக இருந்தால் மட்டும் அந்தக் கட்டத்துக்கான பணம் என்று முன்பே பேசிவிடுங்கள், அன்று லீவு போட்டுக்கொண்டு போய் நில்லுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், வேலைக்கு நடுவில் அறிவுரை மட்டும் சொல்லாதீர்கள்.

சாயங்காலம் கிளம்பும்போது இரண்டு டின்னையும் ஆட்டிப் பாருங்கள். பிரைமர் பாதி இறங்கி ஹார்டனர் வாங்கினபடியே நிறைந்திருந்தால், அந்தக் கதவை நாளைக்கு மறுபடியும் உரிக்க வேண்டும்.